கெட்டுப்போன மலைக்கு ஒரு மகஜர்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலுக்குப் பக்கத்துத் தேரூர் குளத்தங்கரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஒரு படம் வரைந்தேன். கும்பப்பூ, அதாவது எங்கள் பக்கத்து இரண்டாம் போக நெல், நடவு முடிந்து பத்து நாள் ஆன வயல், அதற்கு அப்பால் குளம், குளத்துக்கு அப்பால் தென்னந்தோப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் மருந்துவாழ் மலை. வாட்டர்கலர் போடுகிற எவனுக்கும் கை ஊறும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்து விழுந்த துண்டுதான் இந்த மலை என்பது எங்கள் பக்கத்துக் கதை. நான் முடித்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியோடு வரப்பில் வந்த பெரியவர் ஒருவர் நின்றார். படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மக்களே, அனுமாரு கூட அதை அங்கன தூரத்துலதான் போட்டாரு. நீ கொண்டாந்து வயலுக்குள்ள வச்சிட்டியே."

வீட்டுக்கு வந்ததும் கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்காமல் விட்டதற்கு என் தொழில்தான் காரணம். நாகர்கோவிலில் வீட்டுப் பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பிளானை விட அதிகமாக என்னை விரிசல் பார்க்கக் கூப்பிடுவார்கள். பூசி மறைக்கக் கொத்தனார் போதும். அது எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லத்தான் நான். ஜன்னல் மூலையில் தெரிகிற விரிசல் பெரும்பாலும் ஜன்னலில் பிறந்திருக்காது. அஸ்திவாரத்துக்கு அடியில் ஏதோ ஒரு மூலை இறங்கியிருக்கும்.

சரி, அதே வேலையை இந்தப் படத்துக்கும் செய்து பார்ப்போம் என்று ஒரு நோட்டை எடுத்து, போலீஸ்காரர் மகஜர் எழுதுவதுபோல எது எங்கே எந்த நிலையில் கிடக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். ஐந்து பக்கம் வந்தது. கண்டுபிடித்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை கெட்டதற்கான காரணம் மலையில் இல்லை. பாதி என் வீட்டு பீரோவின் அடித்தட்டில் இருந்தது. மீதியில் பெரும்பங்கு, வண்ணம் தொடுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் நடந்தது. உங்களிடமும் கெட்டுப்போன நிலக்காட்சி ஒன்றிரண்டு இருக்கும். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் வாரம் கை வைக்காதீர்கள்

படம் கெட்டுவிட்டது என்று தெரிந்த அன்றைக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா, காற்று இருந்ததா, என்ன பேப்பர், எத்தனை நாள் பழையது, எந்தெந்த வண்ணம், எந்தெந்த நம்பர் பிரஷ், எந்த இடத்தில் முதன்முதலாக வயிற்றைக் கலக்கியது. ஒரு வாரம் போனால் இதில் பாதி மறந்துவிடும், மீதியை நம் வசதிக்கு மாற்றிக்கொள்வோம்.

அதன் பிறகு ஒரு வாரம் திருப்பி வையுங்கள். வாட்டர்கலர் ஈரத்தில் ஒரு மாதிரியும் காய்ந்தபின் வேறு மாதிரியும் இருக்கும். எப்போதுமே சற்று வெளிறித்தான் காயும். அன்றைக்கு இடி மாதிரி தெரிந்த இருட்டு, அடுத்த ஞாயிறு சாதாரணமாக இருக்கலாம். மாறாகவும் நடக்கலாம்.

குறிப்பை எழுதினேன், ஆனால் ஒரு வாரம் பொறுக்கவில்லை. அன்று ராத்திரியே குளத்தில் வெளிச்சம் போதவில்லை என்று வெள்ளை போஸ்டர் கலரை எடுத்து அப்பினேன். தண்ணீர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. விரிசலில் வெள்ளை சிமெண்ட்டை அப்பிவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடுகிறவர்களை நான் திட்டியிருக்கிறேன். ஒட்டுவேலைக்கு அடியில் மூலக்காரணம் மறைந்துபோகும், எது நோய் எது மருந்து என்று பிரிக்க முடியாது. மகஜரில் குளத்துப் பகுதிக்கு நேரே "தடயம் அழிக்கப்பட்டது" என்றுதான் எழுத வேண்டியிருந்தது.

வண்ணத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

படத்தை ஃபோனில் எடுத்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். இடத்தின் புகைப்படம் இருந்தால் அதையும் மாற்றிப் பக்கத்தில் வையுங்கள். இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் தெரிந்த வழிதான், ஆனாலும் வரைந்து முடித்த பிறகு யாரும் செய்வதில்லை.

புகைப்படத்தில் வானம் வெளுப்பு, மலை அதைவிடக் கொஞ்சம் அழுத்தம், தோப்புதான் இருட்டு, வயல் நடுத்தரம் என்று நான்கு படிகள் தெளிவாக இருந்தன. என் படத்தில் மலையும் தோப்பும் வரப்பும் ஒரே சாம்பல். தோப்பு எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பெரியவர் சொன்னது இதைத்தான். தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவே இருக்கிற காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் மலை நீலம் பூசி வெளுத்துத் தெரிகிறது. அதன் இருட்டுகள் இருட்டாக இருப்பதில்லை. அன்று காலை எட்டு மணிக்கு வெயிலும் கிட்டத்தட்ட மலைப் பக்கத்திலிருந்தே வந்தது. அதனால் மலை ஒரு சாம்பல் நீலத் தகடு மாதிரிதான் நின்றது, அதில் மரமோ பாறையோ தெரியவில்லை. நான் மரமும் பாறையும் போட்டிருந்தேன். மலையில் மரம் உண்டு என்று எனக்குத் தெரியும் அல்லவா? தெரிந்ததைப் போட்டேன், கண்டதைப் போடவில்லை.

இப்போது அந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து, தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, மூன்றே மூன்று அழுத்தத்தில் பென்சிலால் நிரப்புங்கள். வெள்ளை, நடு, கறுப்பு. இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடம் குளத்தங்கரையில் செலவாகியிருந்தால் மூன்று மணி நேரம் மிச்சம்.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு நேரம் உண்டு

இதுதான் மகஜரின் நடுப்பகுதி. மேஜை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, படத்தைச் சாய்த்துப் பாருங்கள். கறைகளை வடிவம் வாரியாகப் பிரிக்கலாம். வடிவத்தைப் பார்த்தால் அது எப்போது நடந்தது என்று சொல்லிவிட முடியும்.

என் வானத்தில் குறுக்காக ஏழெட்டுக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஓரத்தில் அழுத்தமாக இருந்தது. இது பிரஷ் சிறியதாக இருந்ததன் அடையாளம். 15 அங்குல அகல வானத்தை 4-ஆம் நம்பர் பிரஷ்ஷால் போட்டிருக்கிறேன். அடுத்த வரிக்கு வருவதற்குள் முந்தின வரியின் ஓரம் காய்ந்துவிட்டது. வானத்துக்கு ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ்ஷோ 12-ஆம் நம்பரோ வேண்டும். பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, வாஷின், அதாவது தண்ணியாகப் பரப்பிப் போடுகிற பூச்சின், அடி விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு நிற்கும்படி வைத்துக்கொண்டு, அந்தச் சொட்டைக் கீழே கீழே இழுத்து வரவேண்டும். சொட்டு அறுந்தால் கோடு விழும். இவ்வளவுதான், ஆனால் நான்கு நிமிடத்துக்கு மூச்சுக்கூட விட முடியாது.

இரண்டாவது, மேகத்துக்குப் பக்கத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு பூ. வாட்டர்கலர் போடுகிறவர்கள் அதைக் காலிஃபிளவர் என்றேதான் சொல்வார்கள். முதல் வாஷ் பாதி காய்ந்த நிலையில், அதைவிட ஈரமான பிரஷ்ஷால் தொட்டால் புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் பல்பல்லாகக் குவிக்கும். இதைப் பார்த்த உடனே என்னால் நேரத்தைச் சொல்ல முடிந்தது. வானம் முடிந்து ஐந்தாறு நிமிடம் கழித்து, மேகம் போதாது என்று ஒரு கைவேலை செய்தேன். அதுதான்.

இதற்கு நான் கற்ற பாடத்தைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாட்டர்கலரில் எனக்குப் பயன்பட்ட ஒரே பெரிய விஷயம் இது. ஈரத்துக்குப் படிகள் உண்டு. முதலில் தண்ணீர் தேங்கி நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் மிதந்து ஓடும். அடுத்து கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். போட்ட வண்ணம் மெல்லப் பரவும், மேகம், மூடுபனி எல்லாம் இங்கே. அப்புறம் பளபளப்பு அடங்கிப் பட்டுத்துணி மாதிரி மங்கும். ஆபத்து இங்கேதான். இந்தப் படியில் கெட்டியான வண்ணத்தோடு, பிழிந்த பிரஷ்ஷால் தொடலாம். தண்ணியான வண்ணத்தோடு தொட்டால் பூ விழும். அதற்கும் அப்புறம் காய்ந்ததுபோலத் தெரியும், ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். இன்னும் காயவில்லை என்று அர்த்தம். சில்லிப்பு போன பிறகுதான் அடுத்த பூச்சு. எந்தப் படியிலும் கேட்டுக்கொள்ளவேண்டியது ஒன்றே: பிரஷ்ஷில் இருக்கிற தண்ணீர் அதிகமா, பேப்பரில் இருக்கிற தண்ணீர் அதிகமா? பேப்பரில் அதிகமாக இருக்கவேண்டும். ஐப்பசியில், குளக்கரையில், காற்றிலேயே தண்ணீர் இருக்கும்போது மூன்றாம் படி நெடுநேரம் நீடிக்கும். சித்திரை வெயிலில் அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துப் பயன் இல்லை, பளபளப்பைப் பார்க்கவேண்டும். தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மூன்றாவது கறைக்கு நான் ரொம்ப நேரம் விழித்தேன். வானத்தின் வலது ஓரத்தில் வண்ணமே பிடிக்காமல் நான்கு வெளிறிய திட்டு, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. வரிசையாக வேறு இருந்தது. கடைசியில் என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் நான்கு விரலும் அச்சாகப் பொருந்தின. அன்று வெயில் வரட்டும் என்று காத்திருந்த நேரத்தில் தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் தின்றேன். அந்தக் கையோடு பேப்பரைப் பிடித்திருக்கிறேன். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வரையப் போனாலும் இதே கதைதான். இப்போது சிப்ஸ் பொட்டலம் பைக்கின் டிக்கியிலேயே இருக்கும்.

நான்காவதுதான் பீரோ விவகாரம். படம் முழுக்க, குறிப்பாக மலையில், கொசுக் கடித்ததுபோலக் கரும்புள்ளிகள். வண்ணம் மேலே நில்லாமல் அங்கங்கே உள்ளே இறங்கிவிட்டது. வாட்டர்கலர் பேப்பர் செய்யும்போது தண்ணீரை உடனே உறிஞ்சாமலிருக்க ஒரு பசை சேர்ப்பார்கள். நல்ல பருத்திப் பேப்பர் பலவற்றில் ஜெலட்டின். ஈரத்தில் கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே செத்துப்போகும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. என் 300 ஜிஎஸ்எம் பேப்பர் கட்டு, பீரோவின் அடித்தட்டில், வெளிச்சுவரை ஒட்டி, இரண்டு வருஷ மழையைப் பார்த்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் பட்டால்தான் தெரியும்.

சோதிப்பது சுலபம். கெட்ட படத்தின் பின்பக்கத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பசை உயிரோடு இருந்தால் சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு சில நிமிடம் நிற்கும். செத்திருந்தால் உடனே பரந்து, அந்த இடம் இருண்டு நனையும். என் பேப்பரில் ஐந்தில் மூன்று சொட்டு விழுந்த உடனே குடித்தது. மீதி பதினாறு தாளையும் மகளுக்குக் கொடுத்துவிட்டேன், க்ரேயானுக்கு நன்றாக இருக்கிறதாம். இப்போது பத்துத் தாளுக்கு மேல் வாங்குவதில்லை. வாங்கியதை பிளாஸ்டிக் உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஒட்டி, கட்டிலுக்கு மேல் தட்டில் வைக்கிறேன்.

ஐந்தாவது முழுக்க முழுக்க என் தொழில் கொடுத்த வியாதி. மலையைச் சுற்றிக் கம்பி கட்டியதுபோல ஒரு கறுப்பு விளிம்பு. வண்ணத்தால் அப்படி ஒரு விளிம்பு போட்டதாக நினைவே இல்லை. பக்கவாட்டு விளக்கில் தெரிந்தது: அது கோடல்ல, பள்ளம். பிளான் போடுகிற 2எச் பென்சிலால், பிளான் போடுகிற அழுத்தத்தில் மலையை வரைந்திருக்கிறேன். பள்ளத்தில் வண்ணம் போய்த் தேங்கிக் கறுத்துவிட்டது. இரண்டு இடத்தில் ரப்பர் போட்டு அழித்த தடம் வேறு, அங்கே மேற்புறம் உரிந்து வண்ணம் திட்டாக இறங்கியிருந்தது. வாட்டர்கலருக்கு எச்பி அல்லது 2பி, பேப்பர் மீது ஈ நடக்கிற அழுத்தம், அழிக்கவேண்டிய படமாக இருந்தால் வேறு தாளில் வரைந்துவிட்டு வரவேண்டும். முப்பது வருஷமாக அழுத்திப் பழகிய கைக்கு இது பெரிய கஷ்டம். பென்சிலின் வால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் அழுத்த முடியாது என்று கண்டுபிடித்தேன்.

சேறும் குழாயடியும்

தோப்புக்கு அடியில் சேறு. பழுப்பும் பச்சையும் ஊதாவும் கலந்து எதுவுமாக இல்லாத ஒரு நிறம். வீட்டுக்காரி அதைப் பார்த்து, "தீயலு கருகின மாதிரி இருக்கு" என்றாள். சேறு, நிறங்களைக் கலப்பதால் வருகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பாலட்டில் (வண்ணம் கலக்கும் தட்டில்) கலந்து ஒரே இழுப்பில் போட்டால் மூன்று வண்ணக் கலவைகூடத் தெளிவாகத்தான் இருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கிளறுவதும், அழுக்குத் தண்ணீரும்தான் பெரும்பாலும் காரணம். நான் ஒரே ஒரு வெட்டிய பாட்டிலில் மூன்று மணி நேரம் கழுவிக்கொண்டிருந்தேன். கடைசி ஒரு மணி நேரம் நான் போட்ட மஞ்சளெல்லாம் அந்தச் சாம்பல் தண்ணீரில் கரைத்த மஞ்சள். இரண்டு பாத்திரம் வேண்டும். ஒன்று கழுவ, ஒன்று வண்ணம் கரைக்க மட்டும்.

இனி செய்யப்போவது கொஞ்சம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்யவேண்டியது. படத்தின் வலது பாதியை மாஸ்க்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, இடது பாதியைக் குழாயடியில் பிடித்து, மெல்லிய ஸ்பாஞ்சால் வருடுங்கள். தேய்க்கவேண்டாம். தண்ணீரோடு போகிற வண்ணம் எது, போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள். எனக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் பெரும்பாலும் கழன்று வந்தன. தாலோ நீலம் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. தோப்பில் நான் போட்டிருந்த பச்சையும் போகவில்லை. டியூபின் பின்னால் பார்த்தால் பிஜி7 என்று போட்டிருந்தது, அது தாலோ பச்சை. டியூபில் என்ன கவர்ச்சியான பெயர் இருந்தாலும் இந்தச் சிறிய எழுத்தும் எண்ணும்தான் உள்ளே இருக்கிற சரக்கைச் சொல்லும். பிபி29 என்றால் அல்ட்ராமரைன், பிபி15 என்றால் தாலோ நீலம். திருத்த வாய்ப்பு வேண்டிய இடத்தில், உதாரணமாக மலையடிவாரத்து மூடுபனியில், கறையாக ஒட்டுகிற வண்ணத்தைப் போடக்கூடாது. நான் போட்டிருந்தேன். அதனால்தான் மலையடியை எத்தனை தடவை டிஷ்யூவால் ஒற்றியும் வெளுக்கவில்லை. அந்தக் கழுவிய பாதி இப்போது என் வண்ண அட்டவணை. கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

வயலின் பச்சையைப் பற்றி

நடவு முடிந்த வயலை டியூபிலிருந்து பிதுக்கிய சாப் கிரீனால் போட்டால் அது கிரிக்கெட் மைதானம் ஆகிவிடும். ஆயிற்று. இளநாற்றின் பச்சையில் மஞ்சள்தான் அதிகம். லெமன் மஞ்சளில் அல்ட்ராமரைனை ஒரு பிரஷ் நுனி மட்டும் சேர்த்துப் பாருங்கள், கண்முன்னே நாற்று வரும். ஆனால் பெரிய தவறு பச்சையில் இல்லை. பத்து நாள் நடவில் வயலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் தெரியும். அந்தத் தண்ணீர் வானத்தைக் காட்டும். மேகம் இருந்தால் வெளுப்பு, பக்கத்தில் குனிந்து பார்த்தால் சேற்றின் பழுப்பு. நான் குளத்துக்கும் வயல் தண்ணீருக்கும் ஒரே நீலம் போட்டிருந்தேன். அன்று வானத்தில் அந்த நீலமே கிடையாது.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று, இதைப் புகைப்படத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். தண்ணீரில் விழும் பிம்பத்தில் இருட்டானது கொஞ்சம் வெளுக்கும், வெளிச்சமானது கொஞ்சம் மங்கும். தோப்பின் பிம்பம் தோப்பைவிட வெளுப்பு. நான் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் போட்டதால் தோப்பு அந்தரத்தில் தொங்கியது.

வெள்ளையைப் பொறுத்தவரை, வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பர்தான். அதை எங்கே விடப்போகிறோம் என்பதைப் பென்சில் கட்டத்திலேயே முடிவு செய்துவிடவேண்டும். வரப்பு விளிம்பில் மெல்லிய வெளிச்சக்கோடு மாதிரி விடுவதற்குக் கஷ்டமானவற்றுக்கு மாஸ்க்கிங் திரவம் உண்டு. அதைத் தடவிக் காயவிட்ட இடத்தில் வண்ணம் ஏறாது, கடைசியில் உரித்துவிடலாம். மூடியைத் திறந்தால் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட வாசனை வரும், ஏனென்றால் அதில் இருப்பதே ரப்பர் பாலும் அம்மோனியாவும்தான். பிரஷ்ஷை முதலில் சோப்பில் நனைத்துவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் பிரஷ் போயிற்று. வெயிலில் நெடுநேரம் பேப்பரில் விடாதீர்கள், உரிக்கும்போது பேப்பரும் சேர்ந்து வரும். பசை செத்த பேப்பர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நல்ல துண்டைத் தேடுங்கள்

இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும், விட்டுப்போயிற்று. குழாயடிக்குப் போவதற்கு முன்பே செய்யவேண்டியது இது. அட்டையில் எல் வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துச் சட்டம் மாதிரி வைத்து, படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். எவ்வளவு மோசமான படத்திலும் எங்கேயோ ஒரு மூன்று அங்குலம் உயிரோடு இருக்கும். என்னுடையதில் கீழே இடது மூலை. வரப்பு வளைகிற இடம், அதில் இரண்டு மூன்று நாற்றுக் கொத்து, தண்ணீரில் கொஞ்சம் வெளிச்சம். அதை எப்படிப் போட்டேன் என்று யோசித்தால் நினைவே இல்லை. பின்பக்கக் குறிப்பைப் பார்த்தேன்: "கடைசி 5 நிமிடம், பசி, மூலையை முடித்தேன்." அதாவது பெரிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பு, திரும்பத் தொடவில்லை, பென்சில் கோடும் அங்கே இல்லை. ஐந்து பக்க மகஜரில் குற்றம் என்று எழுதியிருந்த அத்தனைக்கும் எதிர்ப்பதம் அந்த மூன்று அங்குலத்தில் இருந்தது.

மலை மட்டும்

மறுபடி முழுப் படத்தையும் வரைய உட்காராதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் எது சரியானது, எது தற்செயல் என்று தெரியாது. 11-க்கு 15 அங்குலப் புதுத் தாளை நான்காக வெட்டி, கெட்ட பகுதியை மட்டும், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் வீதம் போடுங்கள். நான் மலையை ஆறு தடவை போட்டேன். முதலாவதில் பேப்பரை மட்டும் மாற்றினேன். புள்ளிகள் போயின, மலை இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டாவதில் பென்சில் பள்ளம் போயிற்று. மூன்றாவதில் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா கலந்து சாம்பலாக்கி, பாலட்டில் எனக்குச் சரி என்று பட்டதைவிட அதிகத் தண்ணீர் விட்டேன். மலை நகர ஆரம்பித்தது. நான்காவதில் ஆசைப்பட்டுப் பாறை போட்டேன், திரும்பி வந்துவிட்டது. ஐந்தாவதில் உச்சி விளிம்பை மட்டும் கூர்மையாக விட்டு, அடிவாரம் பளபளப்போடு இருக்கும்போதே சுத்தத் தண்ணீர்ப் பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்துக் கரைத்தேன். ஆறாவது, ஐந்தாவதையே இன்னும் வேகமாக. நான்கு நிமிடம் ஆனது.

இடத்துக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை, குறிப்பு நன்றாக இருந்தால் போதும். 1792-இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டுப் பக்கம் வந்து பாபநாசம் அருவி வரைக்கும் படம் வரைந்துகொண்டு போனார்கள். இங்கே வரைந்துகொண்ட படங்களை வைத்து இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் வருஷக்கணக்கில் அச்சுப் படங்களை உருவாக்கினார்கள். எல்லாவற்றையும் வரப்பிலேயே முடித்தாகவேண்டும் என்று நமக்குத்தான் ஏதோ வீம்பு. அங்கே நான் எடுக்கவேண்டியிருந்தது தீப்பெட்டி அளவுப் பென்சில் கட்டம் ஒன்று, வெயில் வருகிற திசைக்கு ஒரு அம்புக்குறி, நான்கு வண்ணத் தொடுப்பு. அம்புக்குறி முக்கியம். எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்த என் படத்தில் தோப்பின் நிழல் ஒரு பக்கமும் வரப்பின் நிழல் வேறு பக்கமும் விழுந்திருக்கிறது. மூன்று மணி நேரத்தில் சூரியன் சும்மா இருக்குமா?

தை மாசம் ஆறாவது மலையை எடுத்துக்கொண்டு தேரூர் போனேன். வயல் அதற்குள் நன்றாக வளர்ந்து மூடிவிட்டது, தண்ணீரே தெரியவில்லை. பெரியவர் மடையில் நின்றிருந்தார். காட்டினேன். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"மலை போயிட்டு, செரி" என்றார். "இது என்ன, தென்னைக்குப் பதிலா வெளக்கமாறு நட்டிருக்கே?"

தென்னைக்குத் தனி நோட்டுப் போட்டிருக்கிறேன். இப்போது மூன்றாவது பக்கம்.